கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள்,
கிள்ளியூர் வட்டக் கடற்கரை,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் அளித்த முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடலுக்குள் கற்களைக் கொட்டி அமைக்கும் தடுப்பான தூண்டில் வளைவு வேண்டி, இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் வந்து மனு கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் ஒப்புகைச் சீட்டும், உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்ற பதிலும் கிடைத்தன. கரைக்கு ஒரு கல் வரவில்லை. குருசடியிலிருந்து மீன் ஏலக்கூடம் வரை எங்கள் கரையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள் என்பதால், மிக முக்கியமானவற்றை மட்டும் பணிவுடன் தெரிவிக்கிறோம்.

1. எங்கள் கறுமணலின் அருமை எங்களுக்குத் தெரியும். திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த இந்த மணலின் துகள்களைக் கண்டுதான் 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பர்க் நம் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்கு வந்தார். அன்று இம்மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்திலிருந்து எடுத்த தோரியம், வாயு விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குப் பயன்பட்டது. இன்று அதே தோரியத்தை நம்பித்தான் நாட்டின் அணுமின் திட்டத்தின் மூன்றாம் கட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. அதனுடன் கிடைக்கும் நியோடிமியம் என்ற அருமண் உலோகம் மின்வாகன மோட்டாருக்கும் காற்றாலைக்கும் ஏவுகணைக்கும் வேண்டிய காந்தமாகிறது. 2025 ஏப்ரலில் சீனா அருமண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது நம் வாகன ஆலைகள் எப்படித் தடுமாறின என்பதை நாங்களும் செய்தியில் படித்தோம். நாட்டுக்கு இந்த மணல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

2. ஆனால் அந்த மணல் எங்கள் வீட்டுக்குள் வருகிறது, ஐயா. கடைசி வரிசை வீடுகளிலிருந்து கடற்கரைக்கு இறங்க ஏழு படிகள் இருந்தன. இன்று இரண்டுதான் மிச்சம். சென்ற ஆடியில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அலை பின்கதவை உடைத்துக்கொண்டு ஒரு விதவைத் தாயின் அடுக்களைக்குள் புகுந்து, அடுப்பை மூடி, அந்த மாத ரேஷன் அரிசி முழுவதையும் உப்பில் ஊற வைத்துவிட்டது. விடிந்ததும் அவர் முறத்தால் அள்ளி வெளியே கொட்டியது அதே கறுமணல்தான். அரிசியோடு கலந்து கிடந்ததால் எதைப் புடைப்பது, எதை விடுவது என்று தெரியாமல் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று முதல் அந்த வீட்டுப் பிள்ளைகள் இரவில் ஆலயக் கூடத்தில்தான் படுக்கிறார்கள். காற்று திரும்பினால் எங்கள் தெருவில் ஒருவரும் உறங்குவதில்லை. திடீரெனப் பொங்கிக் கரையேறும் அலையான கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை வந்தால் கரையை விட்டு விலகச் சொல்கிறீர்கள். விலகி எங்கே போவது? எத்தனை முறைதான் இதையே எழுதுவது?

3. கரை குறுகியதால் வள்ளங்களை ஏற்றி வைக்க இடமில்லை. இந்த நிலையில்தான், கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டம் பற்றிக் கேள்விப்பட்டோம். மணலை அளக்க வருகிறவர்களுக்கு எங்கள் ஊருக்கு வழி தெரிகிறது. அரிப்பை அளக்க ஏன் ஒருவரும் வரவில்லை? மணல் எடுத்தால் எங்கள் கரை என்னவாகும் என்று ஊர்க் கூட்டத்தில் நேரில் வந்து, எங்களுக்குப் புரியும் தமிழில் விளக்காமல் எந்த அனுமதியும் தரக் கூடாது.

4. தூண்டில் வளைவு வேண்டும். அடுத்த ஆடிக்கு முன்பே வேண்டும்.

தங்களை நேரடியாகக் கரைக்கே அழைக்கிறோம். காலையில் அல்ல, அலை ஏறும் இரவில் ஒருமுறை வந்து அந்த இரண்டாவது படியில் நின்று பாருங்கள். பார்த்துவிட்டு, தூண்டில் வளைவுக்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு மீண்டும் மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்.

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், ஊரார் கையொப்பங்கள்.