மரையில் ஏறியதெல்லாம் சக்கர போல்ட் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வரும் கட்டுரைகளில் எஞ்சினுக்கு இடம் கிடைக்கிறது, பெயின்டுக்குக் கிடைக்கிறது, சீட் தையலுக்குக்கூடக் கிடைக்கிறது. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுக்கு மட்டும் ஒரு பத்திகூட இல்லை. அதனால் 'மரையில் ஏறினால் மாட்டிவிடலாம்' என்று வாசகர்கள் எண்ணிவிடுகிறார்கள். பழைய காரில் சக்கரம் கழன்று ஓடுவதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் மரை, அதாவது போல்ட்டில் சுற்றிவரும் திருகுப் புரி. வெர்னியர் அளவுகோலை வைத்து மரையின் வெளிவிட்டத்தைப் பாருங்கள். 11.9 மி.மீ. அளவில் நின்றால் எம்12 (12 மி.மீ. மெட்ரிக் மரை), 12.6 என்றால் அரை அங்குலம், 11 மி.மீ.க்குச் சற்று மேல் என்றால் 7/16 அங்குலம், 9.5 என்றால் 3/8. மரைகளின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை மட்டும் நம்பக் கூடாது. அரை அங்குல யு.என்.எஃப். மரை (அங்குல அளவிலான பொது நுண்மரை), அங்குலத்துக்கு 20, அதாவது 1.27 மி.மீ. இடைவெளி. ஃபியட் கார்களில் வரும் எம்12×1.25க்கும் (12 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி) இதற்கும் வித்தியாசம் 0.02 மி.மீ.தான். கேஜ் இரண்டிலும் பொருந்தியதுபோலவே உட்காரும். 7/16 ஸ்டட்டுக்கும் (சக்கரம் மாட்டும் ஹப்பில் பதித்திருக்கும், நட்டு ஏறும் தண்டு) அதே 20 மரைதான், விட்டம் 11.1 மி.மீ. அதன்மேல் எம்12×1.25 நட்டைப் போட்டால் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறும். ஆனால் உள்ளே மரையை மரை கவ்வுவது பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர்கூட இராது. முறுக்கும்போதே மரை சீவிக்கொண்டு வந்துவிட்டால் தப்பித்தோம். முறுக்குக்குத் தாங்கிவிட்டால் ஓட்டத்தில் போகும்.

பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 1948இல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றும் பொது மரைக்கு ஒப்புக்கொண்ட பிறகே அங்கே யு.என்.எஃப். பரவியது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் இருப்பது பி.எஸ்.எஃப். எனும் பழைய பிரிட்டிஷ் நுண்மரை, அதன் கோணம் 55 பாகை, யு.என்.எஃப்.பில் 60. 3/8 பி.எஸ்.எஃப்.பில் அங்குலத்துக்கு 20 மரை, 3/8 யு.என்.எஃப்.பில் 24. இரண்டு சுற்று ஏறி இறுகினால் 'துருப் பிடித்திருக்கிறது' என்று நினைத்து ஸ்பேனரில் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். அது துரு அல்ல, வேறு மரை. 1970 வரை வந்த பல கிரைஸ்லர், டாட்ஜ், பிளிமத் கார்களில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. ஸ்டட் முனையில் ஆங்கில 'எல்' எழுத்து பொறித்திருக்கும். பெயின்டையும் மண்ணையும் சுரண்டிப் பார்க்காமல் வழக்கமான திசையில் கழற்றப் போய் ஸ்டட்டை ஒடித்தவர்கள் ஏராளம்.

அடுத்தது துளைவட்டம், அதாவது போல்ட் துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம். நான்கு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் போதும். ஐந்து துளைக்கு, பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மைய இடைவெளியை 1.701ஆல் பெருக்குங்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பழைய ஐந்து துளைச் சக்கரத்தில் இடைவெளி 120.5 மி.மீ.; பெருக்கினால் 205 வரும். 1960களின் பிற்பகுதியில் அதே கார் 130 மி.மீ. வட்டத்தில் நான்கு துளைக்கு மாறியபோது போல்ட்டும் எம்12×1.5இலிருந்து எம்14×1.5 ஆனது. ஆகவே 'பீட்டில் போல்ட்' என்று பெயரைச் சொல்லி வாங்க முடியாது. 98 மி.மீ. வட்டமுள்ள ஹப்பில் 100 மி.மீ. ரிம்மும் ஏறிவிடும். போல்ட்கள் ஒவ்வொன்றும் சற்றே சாய்ந்து இறுகும், அவ்வளவுதான் வெளியே தெரியும். சாய்ந்த போல்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, ஒருநாள் தலைக்குக் கீழே அறுந்துவிடும்.

இதையெல்லாம் சரிபார்ப்பவர்கள்கூட விட்டுவிடுவது போல்ட்டின் இருக்கையை. தலைக்கு அடியில் ரிம்மைத் தொடும் பகுதி மூன்று விதம்: 60 பாகைக் கூம்பு, உருண்டை, வாஷரோடு கூடிய தட்டை. உருண்டையிலும் ஆரம் 12, 13, 14 மி.மீ. என்று மாறும். கண்ணால் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இருக்கையில் மார்க்கர் பேனாவால் மை பூசி, லேசாக முறுக்கி, கழற்றிப் பாருங்கள். சரியான போல்ட் என்றால் மை அகலமான வளையமாக, சுற்றிலும் ஒரே சீராக அழிந்திருக்கும். உருண்டை போல்ட்டைக் கூம்புத் துளையில் போட்டிருந்தால் நூல் அளவு ஒரு கோடுதான் அழிந்திருக்கும். முழு இறுக்கத்தையும் தாங்குவது அந்த நூல் கோடு. சில பத்து கிலோமீட்டர் ஓடியதும் அந்த விளிம்பு நசுங்கும், இறுக்கம் போய்விடும். பழைய இரும்பு ரிம்மில் துளையிலிருந்து கதிர்போலச் செந்துருக் கோடுகள் கிளம்பியிருந்தால், சக்கரம் ஆடியிருக்கிறது என்று பொருள். துளை முட்டை வடிவமாகியிருந்தால் அந்த ரிம்மை ஒதுக்கிவிடுங்கள், வெல்டிங் வேண்டாம்.

புதுப் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. ரிம்முக்குப் பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது இருக்கையிலும் ஹப்பைத் தொடும் முகத்திலும் படியும் பூச்சு, ஓட்டத்தில் நசுங்கி மெலியும். அழகாக மீட்டெடுத்த வண்டியில் நட்டுகள் திரும்பத் திரும்பத் தளர்கின்றன என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அந்த இரண்டு இடங்களிலும் வெறும் உலோகம் தெரிய வேண்டும்.

நீளத்துக்கு எளிய கணக்கு: போல்ட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு மரை உள்ளே போக வேண்டும். எம்12×1.5க்கு 8 சுற்று, எம்12×1.25க்கும் அரை அங்குல யு.என்.எஃப்.புக்கும் 10, எம்14×1.5க்கு 9 சுற்றுக்கு மேல். அலாய் ரிம் இருக்கைப் பகுதியில் 8 மி.மீ. தடிமன் கூடுதலென்றால் போல்ட்டும் 8 மி.மீ. நீளம் கூட வேண்டும். ஆனால் நீளம் மிஞ்சினால் பிரேக் டிரம்முக்குள் முனை நீட்டிக்கொண்டு பிரேக் ஷூவிலோ ஸ்பிரிங்கிலோ உரசும். சக்கரத்தை மாட்டியபின் ஜாக்கியில் வைத்தே கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிக் கேளுங்கள்.

உறுதிக்குத் தலையில் 10.9 என்ற வலிமைத் தர எண்ணைத் தேடுங்கள். அங்குல வகையில் கிரேடு 8க்கு ஆறு கோடுகள். துருப் பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவது தவறு. வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் இழுவலிமை 10.9இல் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மரை ஒட்டிக்கொண்டு கழலாமலும் போகும். உயர்வலிமை போல்ட்டைச் சாதாரணப் பட்டறையில் குரோம் பூசக் கொடுக்கவும் வேண்டாம்: ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, முன்னறிவிப்பில்லாமல் தலை உடையும்.

வீல் கேப் விஷயத்துக்கு வருகிறேன். ரிம்மில் ரிவெட் அடித்த கிளிப்பில் மாட்டும் கேப் என்றால், உயரமான தலையுள்ள புது போல்ட் கேப்பின் உட்புறத்தை முட்டும். கேப் அரைகுறையாக உட்கார்ந்து முதல் பள்ளத்திலேயே பறந்துவிடும். சிறு திருகில் நிற்கும் கேப்புக்கு 1/4 அங்குல யு.என்.எஃப்.பா பி.எஸ்.எஃப்.பா என்று பாருங்கள். 28 மரை, 26 மரை, கண்ணுக்குத் தெரியாது. இந்தத் திருகு சுமை தாங்குவதில்லை, இங்கே ஸ்டெயின்லெஸ் நல்லது. திருகின் முனை ஹப்பின் கிரீஸ் மூடியைத் தொடாமல் இருந்தால் சரி. ஆனால் கேப்பின் தகட்டைச் சக்கர போல்ட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் வைத்து இறுக்குவதை, அந்தக் கார் தொழிற்சாலையிலேயே அப்படி வந்திருந்தாலொழிய, செய்யவே கூடாது. மெல்லிய தகடு நசுங்கினால் இறுக்கமும் அதோடு போகும்.

இறுக்கும்போது மரையில் எண்ணெய் வேண்டாம். கையேட்டில் உள்ள முறுக்கு அளவு உலர்ந்த மரைக்கு; எண்ணெய் தடவினால் அதே அளவில் போல்ட் அதிகமாக இழுபடும். 3/8 ஸ்டட் உள்ள பழைய மினிக்கு 57 நியூட்டன் மீட்டர் போதும். இன்றைய கார்களின் பழக்கத்தில் 110 கொடுத்தால் ஸ்டட் நீண்டுவிடும். குறுக்குக் குறுக்காக இரண்டு மூன்று தவணையில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி பாருங்கள்.

அலாய் ரிம்முக்கு மாறியவர்களுக்கு ஒன்று: டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி இன்னும் இரும்பு ரிம்தான் என்றால் அதற்குரிய பழைய போல்ட்கள் ஒரு சக்கரத்துக்கானவை, ஒன்றிரண்டு உபரியோடு, துணிப்பையில் கட்டி ஸ்டெப்னியோடேயே இருக்கட்டும். அலாய்க்கு வாங்கிய நீள போல்ட் அதில் டிரம்மைக் குத்தும்.

அடுத்த முறை ஒரு பழைய காரைப் பற்றி எழுதும்போது அதன் துளைவட்டம், மரை, இருக்கை வகை மூன்றையும் ஒரு சிறு கட்டத்தில் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக் ஒருவர்