மாமாவுக்கு, உங்கள் அச்சுக்கோக்கும் ஸ்டிக் என்னிடம் இருக்கிறது

அன்புள்ள மாமா,

இதை உங்கள் பேரன் படித்துக் காட்டுவான் என்று நினைக்கிறேன். கண் புரை எடுத்த பிறகும் சின்ன எழுத்து தெரிவதில்லை என்று அக்கா சொன்னாள். அவனை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். நடுவில் ஓர் இடம் வரும், அங்கே அக்காவை டீ போட அனுப்பிவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசிவரை போவேன். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பக்கங்களைத் தானே அமைத்துவிடும் மென்பொருள் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, "இதைக் கற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். இரண்டு நாள் யோசித்து, வேண்டாம் என்றேன்.

யார், நான்! தட்டச்சுப் பள்ளியில் பழகிய விரலை, கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கருக்காக மாற்றினேன். 1999 தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நெட் 99 விசைப்பலகை வந்தது, மறுபடி மாற்றினேன். யூனிகோடு வந்தபோது பழைய கோப்புகளையெல்லாம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் உங்களை நினைத்துக்கொண்டுதான் கற்றேன். மாமா மாதிரி நின்றுவிடக் கூடாது என்று. எல்லோரும் பார்க்கிற இடத்தில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் ராயப்பேட்டை மணிக்கூண்டு அருகே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்தப் போகிக்கு முந்தின நாள் ஞாபகம் வந்தது.

நீங்கள் அச்சுக்கோத்த பிரஸ் போன கதை உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த மதியம் மட்டும் சொல்கிறேன். பழைய இரும்புக்காரர் தராசும் சாக்குமாக வாசலில் உட்கார்ந்திருந்தார். கல்லின் மேல் கடைசி ஃபாரம், அச்சுக்காக அடுக்கிய எழுத்துகள், பூட்டியபடி கிடந்தது. ஒரு மருந்துக்கடையின் லெட்டர்ஹெட். 1996இல் ஊரின் ஆங்கிலப் பெயர் மாறியபோது வந்து குவிந்த வேலைகளில் மிச்சம். மெட்ராஸுக்கு ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, சென்னைக்கு ஏழு. கூடுதலான அந்த ஓர் எழுத்துக்காக முழு வரியின் இடைவெளிகளையும் எடுத்து எடுத்து அடைப்பீர்கள். சில மாதங்கள் அந்த ஏழாவது எழுத்துதான் நமக்குச் சோறு போட்டது.

நீங்கள் பூட்டைத் தளர்த்தி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, எழுத்துகளைப் பிரித்து, எழுத்துப் பெட்டியான கேஸில் அதனதன் அறையில் போட ஆரம்பித்தீர்கள். ஆங்கிலக் கேஸ் முடிந்ததும் தமிழ்க் கேஸ்.

நான் கத்தினேன். "எடைக்குப் போகிறது மாமா! ஈயமும் ஆன்டிமனியும் உருகின பிறகு எது ககரம், எது சகரம் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?"

நீங்கள் திரும்பவில்லை. "ஃபாரத்தைப் பிரிக்காமல் போகக் கூடாது" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு. ஒரு மணி நேரம் ஆயிற்று. இரும்புக்காரர் இரண்டு பீடி குடித்து முடித்தார். கடைசி எழுத்து உள்ளே விழுந்ததும் அவருடைய ஆள் கேஸை அப்படியே தூக்கிச் சாக்கில் கவிழ்த்தான். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான்தான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் மாமா, செத்த எழுத்துக்குக் காட்டிய பொறுமையில் கால்வாசியை, அச்சு எழுத்துக்குப் பதிலாக முதலாளி வாங்கிய அந்தக் கம்ப்யூட்டருக்குக் காட்டியிருக்கக் கூடாதா? 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது லை, னை, றா இவற்றின் பழைய வடிவங்களைக் கேஸிலிருந்து அள்ளிப் போட்டுவிட்டு ஒரே மாதத்தில் கை பழகியதாக நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்! என் பக்கத்தில் உங்களுக்கு நாற்காலி போட்டேன். இரண்டு நாள் வந்தீர்கள். மூன்றாம் நாள், "இதில் எழுத்துக்கு எடையே இல்லை" என்று எழுந்து போனீர்கள். அப்புறம் பதினான்கு வருடம் அண்ணா நகரில் வாட்ச்மேன் நாற்காலி. பள்ளிக் கட்டணத்துக்காக அக்கா என்னிடம் வந்து நிற்கும்போதெல்லாம் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இப்போதும் கொஞ்சம் வருகிறது.

டீ போட அனுப்பச் சொன்ன இடம் இதுதான்.

அந்த நாற்காலியைப் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் மாமா இதையெல்லாம் கற்றுக்கொள்வாரா?" என்றார். மாட்டார் என்றேன். உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு 24 வயது. வாங்குவது ஒரு கம்ப்யூட்டர்தான் என்று தெரியும். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். முதலாளியைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அவர் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். யாருக்கும் சம்பள பாக்கி வைத்தவரும் இல்லை அவர். ஆக, நீங்கள் வந்து உட்கார்ந்த இரண்டு நாளும் எல்லாம் முடிந்த பிறகு வந்த நாள்கள். அது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததா? அதனால்தான் எழுந்து போனீர்களா?

நான் சொன்னது பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். நீங்கள் கற்றிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை கற்றிருப்பீர்களோ என்னவோ. இனி அதை யாரும் சரிபார்க்க முடியாதபடி செய்தது நான்தான்.

என்னை நேரில் கேட்டார்கள் மாமா. பஸ் நிறுத்தத்தில் எனக்கு உறைத்தது அதுதான். என் "வேண்டாம்" என் வாயிலிருந்தே வந்தது.

இதை வீட்டுக்கு வந்தே சொல்லியிருக்கலாம். வந்தால் "காபி குடி" என்பீர்கள். குடித்துவிட்டு, கிரிக்கெட் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவேன். எத்தனையோ பொங்கல் அப்படித்தான் போயிருக்கிறது.

இன்னொன்று. உங்கள் ஸ்டிக் அந்தச் சாக்கில் போகவில்லை. இரும்புக்காரரை நீங்கள் திட்டியதெல்லாம் வீண். அன்று அதைப் பையில் போட்டுக்கொண்டவன் நான். ஏன் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். திருகு துருப்பிடித்து, அந்த மருந்துக்கடை வரியின் அளவிலேயே இறுகிக் கிடக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் இருந்தால் அக்காவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.