ஓரகத்தி அக்காவுக்கு, சிங்கப்பூர்ல தோ பாயோ போன பஸ்ஸ பத்தி

அக்கா,

வர்ற வியாழக்கிழமை பாகப்பிரிவினைப் பத்திரம். வீடு யாருக்கு எவ்ளோ, கடை யாருக்கு, கொல்லப்பக்கம் யாருக்கு, அதெல்லாம் இங்க எழுதப் போறதில்ல, கும்பகோணத்துல பாதிப் பேருக்கு மனப்பாடம். எனக்கு உறுத்துறது வேற. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கையெழுத்து போடுவாங்க, அத்தை போடுவாங்க, நாத்தனார் திருப்பூர்லேர்ந்து வந்து போடுவாங்க. அத்தன வருஷம் அந்த அடுப்படில நின்ன நம்ம ரெண்டு பேருக்கு அந்தப் பேப்பர்ல எங்கயும் வேலையே இல்ல. சாட்சிக்குக்கூட கடைப் பையனத்தான் கூப்பிட்டிருக்காங்க. சரின்னு என் பங்குக்கு நான் இங்க, எல்லாரும் படிக்கற மாதிரி எழுதறேன்.

வாட்ஸப்ல அனுப்பினா நீங்க படிப்பீங்க, ப்ளூ டிக் விழும், அவ்ளோதான். இங்க எழுதினா உங்க தங்கச்சி படிச்சிட்டு அன்னிக்கே உங்களுக்கு போன் போடுவா, அப்பவாவது நீங்க யார்கிட்டயாவது ஏதாவது பதில் சொல்லியாகணும்ல. (தங்கச்சி, நல்லாருக்கியாமா? பாப்பாவுக்கு சளி போச்சா?)

சிங்கப்பூர்ல அந்தக் கடைசி நாள பத்தி நம்ம வீட்ல ரெண்டு கதை ஓடுது. ஒரு கதைல நான் கோள் மூட்டினவ. இன்னொரு கதைல நீங்க பாவம். ரெண்டுலயுமே நீங்கதான் நல்லவங்க, கவனிச்சீங்களா?

2019 மே 23. தேதி மறக்கவே மறக்காது, தேர்தல் ரிசல்ட் வந்த நாள். ராத்திரி ஃபிளைட்டு. மதியமே ரூம காலி பண்ணச் சொல்லிட்டாங்க, அத்தான் ரிசப்ஷன்ல கெஞ்சிக் கூத்தாடி ஒரு ரூம மட்டும் சாயங்காலம் வரைக்கும் வாங்கி வெச்சிருந்தாரு, ஒம்போது பேரும் அத்தன பெட்டியும் அந்த ஒரு ரூம்ல. முதல் நாள் ராத்திரி முஸ்தஃபா கடைல ரெண்டு மணி வரைக்கும் சுத்தினது வேற உடம்பெல்லாம் வலி (அப்ப அது இருபத்திநாலு மணி நேரமும் திறந்திருக்கும், ராத்திரி ஒரு மணிக்கு பில்லு போட க்யூல நின்னதெல்லாம் அங்கதான்). ஊர்ல காலைல எட்டு மணிக்கு எண்ண ஆரம்பிச்சா சிங்கப்பூர்ல பத்தரை. பன்னெண்டு மணிக்கெல்லாம் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு போன வெச்சிக்கிட்டு கட்டில்ல உக்காந்தாச்சு, தேனி என்னாச்சு தேனி என்னாச்சுன்னு. சிங்கப்பூர பாக்க அவ்ளோ செலவு பண்ணி வந்துட்டு கடைசி நாள தேனிக்கு குடுத்த குடும்பம் நம்மதாங்க்கா. பிள்ளைங்க தரைல. அத்தை மூட்டு வலின்னு, ஊருக்கு கொண்டு போக டஜன் கணக்குல வாங்கினோம்ல கோடாலி தைலம், அதுல ஒண்ண அங்கயே பிரிச்சு தேச்சிக்கிட்டு, ரூமே மணக்குது.

நீங்கதான் என்னைப் பாத்தீங்க. "தேக்கால பூ வாங்கிட்டு வந்துடறோம்"னு பொதுவா சொன்னீங்க (தேக்கான்னா லிட்டில் இந்தியால இருக்கற மார்க்கெட்டு). ஃபிளைட்டு ஏறப் போற அன்னிக்கு எதுக்கு பூவுன்னு யாரும் கேக்கல, யாரும் காதுல வாங்கினாத்தான.

வீரமாகாளியம்மன் கோயில் நடை சாத்தியிருந்துச்சு. வாசல்ல நின்னே கும்பிட்டுட்டு சிராங்கூன் ரோட்டுல நடந்தோம், வெயில்னா வெயில், ஒட்டுற வெயில். பஸ் ஸ்டாப் நிழல்ல ஒதுங்கினோம். "கார்டுல இன்னும் காசு கிடக்குதுடி, வீணாத்தான போவப் போவுது"ன்னு சொல்லிக்கிட்டே நீங்க வந்து நின்ன டபுள் டெக்கர்ல ஏறி கார்ட தட்டிட்டீங்க. எந்த பஸ்ஸு, எங்க போவுதுன்னு ரெண்டு பேருமே பாக்கல. எனக்கு வயித்துல புளி கரைக்குது, நீங்க மாடிப்படி ஏறிட்டீங்க.

முன்னாடி கண்ணாடிய ஒட்டின சீட்டு, காலி. ஏசி. கீழ டிரைவர் ஓட்டுறது தெரியவே தெரியாது, நம்ம ரெண்டு பேருமே ரோட்டு மேல மிதந்து போற மாதிரி. கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து நாம ரெண்டு பேர் மட்டும் எங்கயாவது போயிருக்கமா? ரெண்டு பேரும் சேந்து வெளிய போனா வீட்ல யாரு இருக்கறதுன்னு ஒருத்தர் எப்பவும் நின்னுடுவோம். சிங்கப்பூர் வந்தும்கூட அத்தைக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காதுன்னு ரூம்ல ரைஸ் குக்கர் வெச்சு சாதம் வடிச்சது யாரு? (அத்தை, இத உங்களுக்கு யாராவது படிச்சு காமிச்சா தப்பா எடுத்துக்காதீங்க, உங்க உடம்பு அப்பிடி, எங்களுக்கும் தெரியும்.)

கடைத்தெருவெல்லாம் தாண்டினதும் அந்த வீட்டு வசதி அடுக்குமாடிங்க வந்துச்சு, வரிசையா. அந்தப் பழைய ப்ளாக்குங்கள்ல அடுப்படி ஜன்னலுக்கு வெளிய கம்பு நீட்டி துணி காயப் போடுவாங்கல்ல, ஒவ்வொரு மாடிலயும், கொடி ஏத்தின மாதிரி. நாம பஸ் மாடில இருக்கறதால கீழ் ரெண்டு மூணு மாடித் துணியெல்லாம் நம்ம மூஞ்சிக்கு நேரா போவுது. நீங்க பேச்ச நிறுத்திட்டு அதையே பாத்துக்கிட்டு வந்தீங்க. ரெண்டு சட்டை, ஒரு ஸ்கூல் யூனிஃபார்ம், ஒரு நைட்டி, ஒரு துண்டு. அடுத்த ஜன்னல். மூணு சட்டை, ஒரு சின்ன கவுனு.

"ஒரு கம்புல ஒரு வீட்டுத் துணிதான் காயுது பாருடி"ன்னீங்க.

நான் ம்னேன்.

"காலைல எந்திரிச்சா இவளுக்கு ஒரு வாளிதான் இருக்கும்"ன்னீங்க. அப்புறம் ரெண்டு ஸ்டாப்பு போனதுக்கப்புறம், என்னைப் பாக்காம, கண்ணாடியப் பாத்து, "எனக்கு ஒரு கம்பு போதும்டி"ன்னீங்க.

நான் சிரிச்சேன். அக்கா, அந்தச் சிரிப்ப நீங்க எப்பிடி எடுத்துக்கிட்டீங்களோ, எனக்கு உள்ள சுருக்குன்னுச்சு. ஒம்போது பேர் துணிய நம்ம ரெண்டு பேரும்தான தோச்சோம், மெஷின் வந்த பிறகும் மாடிக்குத் தூக்கிட்டுப் போய் உதறிப் போட்டது நம்ம ரெண்டு பேரும்தான, நீங்க ஒரு நுனி நான் ஒரு நுனின்னு போர்வை பிழிஞ்சது எல்லாம். எனக்கு அந்த வீட்ல பிடிச்ச நேரமே அதுதான். உங்களுக்கு அது பாரமா இருந்திருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியும். ஒரு கம்பு போதும்னா, அதுல என் துணி இல்லன்னுதான அர்த்தம்? நீங்க அத்தையவிட்டுப் போகணும்னு சொன்னா எனக்குப் புரிஞ்சிருக்கும். (அத்தை, மறுபடியும் மன்னிச்சுக்கங்க.) என்னையும் விட்டுத்தான போகணும்னு நினைச்சீங்க.

தோ பாயோல பஸ் நின்னுடுச்சு, எல்லாரும் இறங்கிட்டாங்க. ஏசி போட்ட பஸ் ஸ்டாண்டு, நம்மூரு கல்யாண மண்டபத்துக்குக்கூட அந்தத் தரை கிடையாது. அங்க இறங்கறப்ப என் செருப்பு வாரு பிஞ்சிடுச்சு. நான் ஒத்தக் கால்ல நொண்டுறேன், நீங்க சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்து, பக்கத்து கடைல ஒரு செருப்பு வாங்கிக் குடுத்தீங்க. நான் பொதுச் செலவு நோட்ட எடுத்தேன். "இத அதுல எழுதாத, இது என் காசு"ன்னீங்க. அப்புறம் ஆளுக்கொரு டீ. நான் ஒண்ணுமே பேசல, நீங்க அலுப்புன்னு நினைச்சிருப்பீங்க.

அந்தச் செருப்பு தேஞ்சு போச்சு, தூக்கிப் போட்டாச்சு. வெச்சிக்கிட்டு அழற ஆள் இல்ல நான்.

திரும்பி வந்தா எல்லாரும் கத்துறாங்க, பெட்டியெல்லாம் எடை அதிகம்னு. பூ எங்கன்னு அத்தை மட்டும் கேட்டாங்க. நாம பூவே வாங்கல. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் மைலோ டின்ன எடு, டைகர் பாம்ம உள்ள வை, பாதாம ஹேண்ட் லக்கேஜ்ல போடுன்னு. மஞ்ச கலர் சாமான் ஒண்ண பத்தியும் அப்ப ஒரு பேச்சு வந்துச்சு, ரெண்டு பேருக்கும் தெரியும், அத நான் இங்க எழுத மாட்டேன், நம்ம சொந்தத்துல யாரு யாரு எந்த ஆபீஸ்ல இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்.

பெட்டிய கீழ இறக்கறப்ப இவர்கிட்ட சொன்னேன். "அக்காவுக்கு தனியாப் போகணும்னு இருக்கு போல." ஒரே வரி. கோள்னு சொல்றாங்க அத. புருஷன்கிட்ட மனசு ஆறாம ஒண்ண சொன்னா அதுக்கு பேரு கோளா? எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு, ஏன்னு இவரு கேட்டாரு, சொன்னேன். நீங்க என்ன நம்பிச் சொன்னத நான் வெளிய விட்டேன், அது சரின்னு நான் சொல்லல, அதுக்கு என்ன மன்னிச்சிடுங்கக்கா. ஆனா இவரு ஏர்போர்ட்டுல போயி அண்ணன்கிட்ட கேப்பாருன்னு நான் எப்பிடி நினைப்பேன், வீட்டுக்குப் போயி மெதுவா பேசிக்கலாம்னுதான சொன்னேன். எத்தன தடவ மன்னிப்பு கேக்கறது, சொல்லுங்க. சமையலறைல கேட்டேன், கேஸ் அடுப்ப பாத்துக்கிட்டு நின்னீங்க.

அப்ப ஏர்போர்ட்ட ஒட்டி ஜூவல்ங்கற மால் திறந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு, நம்ம பிள்ளைங்க அத பாக்காம ஃபிளைட்டு ஏற மாட்டோம்னு அடம். நாப்பது மீட்டர் உசரத்துலேர்ந்து தண்ணி கொட்டுது, கட்டடத்துக்குள்ள கொட்டுற அருவில உலகத்துலயே அதுதான் பெருசாம், எல்லாரும் போன தூக்கிப் பிடிச்சிக்கிட்டு. அண்ணன் தம்பி ஓரமா நிக்கறாங்க. அத்தான் வாய் அசையறது மட்டும் தெரியுது, சத்தம் கேக்கல. அப்புறம் அத்தான் வந்து உங்ககிட்ட கேட்டாரு, அத்தை வீல்சேர்ல பக்கத்துலயே.

நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் ஞாபகப்படுத்தணுமா?

"நான் எங்க சொன்னேன். அவதான் சொன்னா, அவளுக்குத்தான் தனியாப் போகணுமாம்."

அக்கா, நான் அங்கயே நிக்கறேன். ரெண்டடி தள்ளி. உங்க காசுல வாங்கின செருப்ப போட்டுக்கிட்டு.

நான் அப்ப எதுவும் சொல்லல. ஏன் சொல்லலன்னு இவரு இன்னிக்கு வரைக்கும் கேக்கறாரு. அத்தை மூஞ்சி போன போக்குல நீங்க பயந்துட்டீங்க, தெரிஞ்சிச்சு. மூத்த மருமக அப்பிடி சொன்னா வீடு தாங்காது, சின்னவ சொன்னா சின்னப்புத்தின்னு விட்டுடுவாங்கன்னு ஒரு நொடில கணக்கு போட்டிருப்பீங்க. நான் உங்க இடத்துல இருந்திருந்தா? தெரியல. ஆனா விட்டுடல அக்கா யாரும். ஃபிளைட்டுல நாலு மணி நேரம் யாரும் யார்கூடவும் பேசல, திருச்சில இறங்கி வேன்ல வர்றப்ப அத்தை சொன்னாங்க, "வெளிநாட்டுக் காத்து சிலருக்கு ஆவாது"ன்னு. சிலருக்குன்னா எனக்கு.

ஆடி கழிஞ்சதும் ரெண்டு அடுப்பு. அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ரேஷன் கார்டு பிரிக்க தனிச் சமையல்தானான்னு பாக்க ஆள் வந்தப்ப, அந்தம்மா ஒரே அடுப்படில ரெண்டு ஸ்டவ்வ பாத்துட்டு "யாரும்மா தனியா?"ன்னு கேட்டாங்க, நீங்க கை நீட்டி என்னைக் காமிச்சீங்க. அன்னிக்கும் நான்தான் தனி. ஊர்ல எந்த விசேஷத்துக்குப் போனாலும் குடும்பத்த பிரிச்சவன்னு முதுகுக்குப் பின்னாடி. பிரிஞ்சு சந்தோஷமா இருக்கறது நீங்க. உங்க பக்கத்து மாடில ஒரு கொடி, ஒரு வீட்டுத் துணி, நான் பாக்கறேன்ல தெனமும். பேரு எனக்கு, கம்பு உங்களுக்கு.

2020ல ஊரடங்கு. ரெண்டு அடுப்புக்கும் நடுவுல ஒரு மிக்ஸி அகலம் இடம், வெளிய போக வழியில்ல, பேச்சும் இல்ல. இவருக்கு காய்ச்சல்னதும் நான் நடுங்கிப் போயிருந்தேன், காலைல என் மேடைல ஒரு சொம்பு கபசுரக் குடிநீர் மூடி வெச்சிருந்துச்சு. மறுநாளும். காய்ச்சல் விடற வரைக்கும். நான் சொம்ப கழுவி உங்க பக்கம் வெச்சேன். அதுதான் அந்த வருஷம் நம்ம பேசினது. அத நெனச்சா உங்கள முழுசா வெறுக்க முடியல, அதுவே எரிச்சலா இருக்கு.

கூடத்துல மாட்டியிருக்கே, செந்தோசா தீவுல அந்தப் பெரிய மெர்லயன், சிங்கத் தலையும் மீன் உடம்புமா இருக்குமே அந்தச் சிலை, அது முன்னாடி ஒம்போது பேரும் நிக்கற போட்டோ, அது பத்திர லிஸ்ட்ல இல்ல. பித்தளை அண்டா வரைக்கும் எழுதியிருக்காங்க, அத விட்டுட்டாங்க. அந்த மெர்லயனையே நாம வந்த அஞ்சே மாசத்துல, 2019 அக்டோபர்ல மூடிட்டாங்க, அப்புறம் இடிச்சாச்சு, இனிமே யாரும் அங்க நின்னு எடுக்க முடியாது. போட்டோவ நான் எடுத்துக்கறேன். கேக்கல, சொல்றேன். அதுல நீங்க என் தோள்ல கை போட்டிருக்கீங்க, நான் கண்ண மூடியிருக்கேன், உங்களுக்கு அதுல ஒரு உபயோகமும் இல்ல.

எனக்கு வீட்ல ஒரு அடி கூட வேணும்னு நான் கேக்கல, கடைலயும் கேக்கல. ஒண்ணுதான் வேணும். பத்திரம் முடிஞ்சு வந்து உக்காந்து எல்லாரும் காப்பி குடிப்பாங்கல்ல, அப்ப அத்தை காதுல விழற மாதிரி, "அன்னிக்கு பஸ்ல அத சொன்னது நான்தான்"னு சொல்லுங்க. இப்பதான் எல்லாம் பிரிஞ்சாச்சே, இனிமே உங்கள யாரு என்ன செய்யப் போறாங்க.

சொல்ல மாட்டீங்கன்னும் தெரியும்.

சனிக்கிழமை கொத்தனார் வர்றான், மாடில குறுக்குச் சுவரு எந்தப் பக்கம் வைக்கறதுன்னு இவர்கிட்ட கேட்டானாம். தண்ணி டேங்க் பக்கம்தான் மூணு மணி வரைக்கும் வெயில் நல்லா விழும், அத அக்காவுக்கு விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். ஏன் அவ்ளோ நல்ல பக்கத்த விடறன்னு கேட்டாரு. முன்னாடி ஒரு தடவ உங்ககிட்ட ஒண்ண சொல்லி பட்டதே போதும், போயி அவன்கிட்ட சொல்லுங்கன்னுட்டேன்.