முதல் நாள் இரண்டு உருண்டை, மிச்சம் கிளம்பும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணப் பக்கத்தில் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக் பற்றி வந்த கட்டுரை, பின்னல் வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தது. ஊர் போய் இறங்கிய அன்றே பத்து உருண்டை லோப்பி நூல் வாங்கி, வட்டக் கழுத்துப் பட்டையில் பூவேலை வரும் லோப்பாபெய்சா ஸ்வெட்டரை விடுதியிலேயே ஆரம்பித்துவிடலாம் என்பது அது. ஊரைப் பற்றி எழுதியதில் குறையில்லை. இந்த யோசனையை மட்டும் நம்பி இறங்கினால் நூலும் பணமும் வீணாகும். நூலை இரண்டு தடவையாக வாங்க வேண்டும். நடுவில் ஒரு தொப்பி பின்னிப் பார்க்க வேண்டும்.

லோப்பி நம் கடைகளில் கிடைக்கும் வழவழப்பான உல்லன் நூல் மாதிரி அல்ல. ஐஸ்லாந்து ஆட்டுக்கு இரண்டு அடுக்கு ரோமம். வெளியே நீளமாக, தண்ணீர் ஒட்டாமல் இருப்பது டோக்; உள்ளே குட்டையாக, மிருதுவாக, கதகதப்பாக இருப்பது தெல். இரண்டும் கலந்து, அதிக முறுக்கில்லாமல் வருவதால் நூல் தொளதொளவென்று இருக்கும். ஊசியை விட்டு இறக்கியதும் அளந்தால் ஒரு அளவு, அலசிக் காயவைத்து அளந்தால் வேறு அளவு. துவைத்த பிறகு நூல் உப்பி விரிவதுதான் காரணம். அதனால் அளவு பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டைத் துவைக்காமல் நம்பவே கூடாது.

கணக்கைப் பாருங்கள். ஸ்வெட்டருக்குப் பெரும்பாலும் எடுப்பது லோப்பியில் எடை குறைந்த வகையான லெட்லோப்பி: ஒரு உருண்டை 50 கிராம், 100 மீட்டர். 4.5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி), 10 செ.மீ. உயரத்துக்கு 24 சுற்று வர வேண்டும். மார்புச் சுற்று 100 செ.மீ. என்றால் 180 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் இறுக்கமாகி 18க்குப் பதில் 20 கண்ணி விழுந்தால், அதே 180 கண்ணியில் கிடைப்பது 90 செ.மீ. தான். இரண்டே கண்ணி வித்தியாசத்தில் ஒரு முழு அளவு போய்விடுகிறது. இது தெரியவரும்போது உடம்புப் பகுதி பாதி முடிந்திருக்கும்.

இதைத் தவிர்க்கத்தான் தொப்பி. முதல் நாள் இரண்டு நிறத்தில் ஒவ்வோர் உருண்டை மட்டும் வாங்குங்கள். 80 செ.மீ. கம்பி உள்ள வட்ட ஊசி, 4 மி.மீ.-ல் ஒன்றும் 4.5 மி.மீ.-ல் ஒன்றும் போதும். கம்பியை நடுவில் வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னினால் தொப்பி, கை, உடம்பு மூன்றுக்கும் இதுவே ஆகும். ஊசியை எண் சொல்லி வாங்குகிறவர்கள் கவனிக்க: 7 என்பது பிரிட்டிஷ், அமெரிக்கக் கணக்கு இரண்டிலும் 4.5 மி.மீ. தான். ஆனால் 8 என்பது பிரிட்டிஷ் கணக்கில் 4 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 5 மி.மீ. மில்லிமீட்டரில் கேட்டு வாங்குவதே நல்லது.

88 கண்ணி போடுங்கள். 4 மி.மீ. ஊசியில் 4 செ.மீ. ரிப், அதாவது இழுத்தால் நீளும் விளிம்புப் பின்னல். பிறகு 4.5-க்கு மாறி 4 செ.மீ. வெறுமனே ஒரே நிறம். அடுத்து 8 கண்ணிக்கு ஒருமுறை திரும்பி வரும் ஏதாவது ஒரு இருநிறப் பூவேலை, 14 சுற்று. உச்சியில் சுற்றுக்கு 8 இடத்தில் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னிக் குறைக்கவும். முதலில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, கடைசியில் ஒவ்வொரு சுற்றிலும். இரண்டு மாலைப் பொழுது வேலை. டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சமே ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் என்பதால் நேரத்துக்குப் பஞ்சமில்லை. தட்டையாக முன்னும் பின்னும் திரும்பிப் பின்னிய சதுரத் துண்டு இங்கே உதவாது. திரும்பும் வரிசையில் கை இறுக்கம் மாறும். ஸ்வெட்டரோ முழுக்கச் சுற்றாகப் பின்னுவது.

முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கசக்காமல் ஊறவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து காயப்போடுங்கள். ரெய்க்யவிக்கில் வெந்நீர்க் குழாயில் வருவது பூமிக்கடிச் சூட்டில் கிடைக்கும் வெந்நீர். லேசாகக் கந்தக வாடை அடிக்கும், அது ஒன்றும் செய்யாது; சூடுதான் ஆபத்து. வெந்நீரில் கசக்கினால் லோப்பி இறுகிக் கம்பளித் தகடாகிவிடும், மீட்க முடியாது. காய்ந்தபின் சுற்றளவை அளந்து, 880-ஐ (88 கண்ணி × 10) அந்த செ.மீ. அளவால் வகுத்தால் 10 செ.மீ.-க்கு உங்கள் கையில் விழும் கண்ணி எண்ணிக்கை வரும். 49 செ.மீ. என்றால் 18, சரி. 44 செ.மீ. என்றால் 20, ஒரு அளவு பெரிய ஊசி வேண்டும். பூவேலைப் பகுதியைத் தனியாக அளங்கள். அது மட்டும் சுருங்கியிருந்தால் பின்பக்கம் ஓடும் நூலை இழுத்துப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். கழுத்துப் பட்டைக்கு மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசி போதும். ஒரே நிறம் ஐந்து கண்ணிக்கு மேல் தொடர்ந்தால் பின்னால் தொங்கும் நூலை நடுவில் ஒருமுறை பிணைத்துவிட வேண்டும்.

தொப்பியை ஒரு நாள் போட்டுக்கொண்டு ஊர் சுற்றிப் பாருங்கள். நெற்றி அரித்தால் கழுத்தும் அரிக்கும். அப்படியானால் ஸ்வெட்டரை விட்டுவிட்டுக் கைப்பையோ மெத்தை உறையோ தேர்ந்தெடுக்கலாம். முழு நூலும் வாங்கிய பிறகு இது தெரிந்து பயனில்லை.

மிச்ச நூலைக் கிளம்புவதற்கு முந்திய நாள் வாங்குங்கள். 100 செ.மீ. மார்புக்கு முக்கிய நிறம் 8 அல்லது 9, பூவேலைக்கு மூன்று நிறம் ஒவ்வொன்று, அவற்றில் அதிகம் வருவது மட்டும் இரண்டு. முக்கிய நிறத்தில் ஒரு உருண்டை உபரியாக எடுங்கள், எல்லாம் ஒரே சாயத் தொகுதி எண்ணா என்று சீட்டில் பாருங்கள். மொத்தம் 700 கிராமுக்கு மேல் போகாது. எல்லாவற்றையும் ஒரே ரசீதில் போடச் சொல்லுங்கள். சுற்றுலாப் பயணிக்கு வரி திரும்பக் கிடைக்க ஒரு ரசீதில் குறைந்தபட்சத் தொகை இருந்தாக வேண்டும்.

ஹல்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயத்துக்கு ஏறும் ஸ்கோலவோர்துஸ்திகுர் தெருவில் ஐஸ்லாந்துக் கைப்பின்னல் சங்கத்தின் கடை இருக்கிறது. பின்னுகிறவர்களே 1977-ல் சேர்ந்து அமைத்த சங்கம் அது. பின்ன நேரமில்லாதவர்கள் ஸ்வெட்டராக வாங்கவும் அதுவே நல்ல இடம். கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டது வருத்தம். அந்த நாட்டுக் கம்பளியிலேயே வெளிநாட்டில் பின்னி வருபவையும் அந்தத் தெருக்களில் விற்கின்றன. 2020 முதல் ‘ஐஸ்லாந்து லோப்பாபெய்சா’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு: அந்த நாட்டு ஆட்டின் கம்பளி, அந்த நாட்டிலேயே கையால் பின்னியது, இணைப்புத் தையலில்லாத வட்டக் கழுத்துப் பட்டை.

சென்னையிலும் மதுரையிலும் இதைப் போட நாளே வராது. ஊட்டி, குன்னூர் ஜனவரிக்கும், குளிர்நாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சரி. அவர்களுக்கென்றால், கிளம்பும் முன்பே அவர்கள் போடும் ஸ்வெட்டர் ஒன்றைத் தரையில் விரித்து மார்பு அகலம், அக்குள்வரை உயரம், கை நீளம் மூன்றையும் அளந்து சொல்லச் சொல்லி, எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இப்படி நூல் விற்கும் ஊரைப் பற்றி எழுதும்போது உருண்டையின் எடை, மீட்டர், ஊசி அளவு மூன்றையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்.