எந்த கிளைவ் பிரபு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வரலாற்றுப் பக்கத்தை இங்கே தங்கச்சிமடத்தில் விடாமல் படிக்கிறோம், ஆனால் வெள்ளைக்காரர்களின் பட்டங்களை எழுதும்போது மட்டும் ஏன் இத்தனை அலட்சியம்? 1801-ல் ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி வசமாக்கியது கிளைவ் பிரபு என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே பிளாசி ராபர்ட் கிளைவின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அவர் 1774-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்! 1801-ல் சென்னை கவர்னராக இருந்தவர் அவருடைய மகன் எட்வர்ட், அப்பாவின் பட்டம் பரம்பரையாக அவருக்கு வந்தது, அவ்வளவுதான். அந்த அப்பாவும் 1757-ல் பிளாசியில் சண்டை போட்டபோது பிரபு கிடையாது, பட்டம் வந்ததே 1762-ல்.

எங்கள் ராமநாதபுரம் சீமைக் கதையிலும் இதே குழப்பம். 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கியபோது கவர்னர் ஹோபார்ட் பிரபு. 1804-ல் அப்பா இறந்ததும் அதே ஆள் பக்கிங்காம்ஷயர் பிரபு ஆகிவிட்டார். காலேஜில் படிக்கும் என் அக்கா மகள் நோட்டில் இரண்டு பேராக எழுதி, இரண்டுக்கும் தனித்தனியாக அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவோடு மோதிய வெல்லிங்டன் பிரபுவும் அப்படித்தான், 1799-ல் அவர் வெறும் கர்னல் ஆர்தர் வெல்லஸ்லி.

ரகுநாத சேதுபதி என்றால் எந்த ரகுநாதர் என்று பார்த்து, அவர்களில் ஒருவரான கிழவன் சேதுபதியைத் தனியாகப் பிரித்து எழுதத் தெரிகிறதே, சரி, இவர்களுக்கும் முதலில் சொந்தப் பெயர், அப்புறம் பட்டம், அது வந்த வருடம் என்று போட்டால் என்ன? முதலில் அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தங்கச்சிமடம்