ஐயர் பட்டறைத் திருப்பணி நிறைவு: சபையாருக்குக் குழுவின் அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு ஸ்தோத்திரம்.

நம் பழைய போதகர் ஐயா ஓய்வுபெற்றபின் குடியிருந்து, பட்டறையாகவும் வைத்திருந்த கல் வீட்டின் வேலை முடிந்துவிட்டது. மின்சார வேலையில் மட்டும் ஒரு பாக்கி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறோம். வரவு செலவு தணிக்கையாகி அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று. ரசீதுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் கேட்கலாம். என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

ஐயாவைப் பார்த்திராத இளையவர்கள் சபையில் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில வரிகள். ஐயா கீர்த்தனை எழுதி அவரே மெட்டுப் போடுவார். ரூத்தின் சரித்திரத்தை ஜால்ராவும் மிருதங்கமுமாகக் கதா காலட்சேபம் செய்வார். திருவிருந்து மேசையின் காலில் ஓடும் திராட்சைக் கொடி அவர் உளி செதுக்கியது. வளாகத்துப் பேரி மரங்களில் பாதி அவர் ஒட்டுக்கட்டியவை. ஊழியக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் அன்றைக்கும் உண்டு. ஆனால் நம் ஆராதனையே அப்படிப்பட்டவர்கள் கொடுத்துவிட்டுப் போனதுதான். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் பாடிய கீர்த்தனைகளை, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் தொகுத்து அச்சிட்டார். 1845-இல் நம் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியதும் அதே மிஷன்காரர்கள்தான். ஈரோட்டில் ஊழியம் செய்த ஆங்கில மிஷனரி பாப்லி ஐயர் கர்நாடக இசையைக் கற்று, காலட்சேபமாகவே சுவிசேஷம் சொன்னார். 1921-இல் இந்திய இசையைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். பக்கத்தில் செண்பகனூரில் சேசு சபைக் குருவான ஆங்லேட் அடிகளார் இந்த மலையின் செடிகளை ஒவ்வொன்றாக நீர்வண்ணத்தில் வரைந்து வைத்தார். அந்த வரிசையில் நம் ஐயாவையும் வைத்துப் பார்ப்பது மிகை என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

வேலை ஏன் இவ்வளவு நாள் இழுத்தது என்று பலர் கேட்டீர்கள். காரணம் சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல் சுவருக்கு மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுவருக்குள் இறங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்பக்கம் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினோம். மூடுபனியில் அது மெதுவாகத்தான் இறுகும். ஒரு பூச்சு இறுகாமல் அடுத்ததைப் பூசினால் உரிந்துவிடும் என்று கொத்தனார் உறுதியாகச் சொன்னார், நாங்களும் அவசரப்படுத்தவில்லை. சீசன் நெரிசலில் லாரிகள் மலையேற முடியாமல் நின்றதும் சேர்ந்துகொண்டது. கூரைத் தகரம் மாற்றியாயிற்று, கைமரங்களில் உளுத்ததை மட்டும் எடுத்தோம்.

ஐயாவின் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நினைவறையாகத் திறக்கலாம் என்பது சிலரின் யோசனை. அன்பினால்தான் சொன்னார்கள். குழு அதை ஏற்கவில்லை. உளியைப் பூட்டி வைத்தால் துருப்பிடிக்கும், ஆர்மோனியத்தை வாசிக்காமல் விட்டால் துருத்தித் தோல் விறைத்துப்போகும். பட்டறை பட்டறையாகவே இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். ஐயாவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான் என்று இப்போதும் நம்புகிறோம்.

ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்க மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். பலகையைத் திறந்து பித்தளை ரீடுகளை வெளிச்சத்தில் காட்டினார். பச்சைக் களிம்புக்கு அடியில் மெல்லிய சுரண்டல் தடங்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். "இதை யாரோ காதாலேயே சேர்த்திருக்கிறார், நான் கை வைக்க வேண்டியது கொஞ்சம்தான்" என்றார் அவர். களிம்பை எடுத்துத் துருத்தித் தோலை மாற்றியதோடு விட்டுவிட்டார். இப்போது இரண்டு கட்டையில் நன்றாக நிற்கிறது. கூடியிருக்கிற எல்லாருக்கும் எட்டுகிற சுருதி என்று ஐயா அதையே வைத்துக்கொள்வார்.

எங்களுக்கு அதிக வேலை வைத்தவை பாட்டு நோட்டுகள். நல்ல வேளையாக ஐயா பென்சிலில் எழுதியிருந்தார், மையாக இருந்தால் ஈரத்தில் எல்லாம் கரைந்திருக்கும். ராமபாணப் பூச்சி அரித்த ஓரங்களில் மட்டும் சில எழுத்துகள் போயின. ஆனால் ஸ்வரம் எங்கேயும் இல்லை. "ஆனந்த பைரவி, ஆதி" என்று ராகமும் தாளமும் தலைப்பில் இருக்கும், அவ்வளவுதான். சிலவற்றுக்கு அதுவும் கிடையாது, "களைப்பாட்டு மெட்டு" என்று ஒரு குறிப்போடு சரி. அப்புறம்தான் சபையின் மூத்த தாய்மார்களைத் தேடிப் போனோம். ஒரு பாட்டியம்மா, பாடகர் குழுப் பிள்ளைகள் பல்லவியை எடுத்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். "ஐயா அந்த இடத்துல இறங்கமாட்டாரு, நின்னு அசைப்பாரு" என்று சொல்லி, மூச்சு வாங்க வாங்க அந்த ஓர் அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். பூம்பாறைப் பக்கம் பூண்டுக் காட்டில் களையெடுக்கும்போது அந்தப் பாட்டியம்மாவின் தாயார் பாடிய மெட்டாம் அது. ஐயா வரப்பில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டாராம். அதைப் போனில் பதிவு செய்து, ஸ்வரப்படுத்தி, நோட்டில் சேர்த்துவிட்டோம். சுவரும் கூரையும் காசு இருந்தால் யாரும் செய்துவிடலாம். இந்தத் திருப்பணியில் எங்களுக்கு மனநிறைவு தந்தது இந்த வேலைதான்.

ஐயாவின் ஓவியங்களில் பூஞ்சை படிந்தவற்றை மென்மையான தூரிகையால் துடைத்து, அட்டை மாற்றியிருக்கிறோம். 1994-இலும் 2006-இலும் குறிஞ்சி பூத்தபோது ஒரே சரிவை ஐயா வரைந்த இரண்டு படங்கள் வாசலுக்கு எதிரே மாட்டியிருக்கின்றன. 2018 பூப்பின்போது ஐயா இல்லை. அடுத்தது 2030. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு அதே சரிவை வரையச் செய்ய வேண்டும் என்பது குழுவின் ஆசை.

பாக்கி இதுதான்: நோட்டும் படங்களும் இருக்கும் அலமாரிக்குள் ஈரம் பிடிக்காமலிருக்கச் சின்ன பல்பு போட வயர் இழுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுவோம். சாவி ஆலயப் பணியாளரான கோயில்குட்டியாரிடம் இருக்கும். தச்சு கற்க விரும்பும் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் வரலாம்.

இன்னும் சில பாட்டுகளுக்கு மெட்டுக் கிடைக்கவில்லை. அவற்றின் முதல் அடிகளைப் பட்டறைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். யாருக்காவது ஓர் அடி நினைவிருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாடிக் காட்டச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் பாடகர் குழுப் பிள்ளைகள் வீட்டுக்கே வருவார்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்