குளிசை எண்ணுவதற்கு நாலு வருஷமா?

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்பின் சிறீ,

உன் கடிதம் கிடைத்தது. போனில் கதைத்துக் கதைத்தே உன் கையெழுத்தை மறந்துபோயிருந்தேன். அது இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான், டொக்டர்மாரின் மருந்துத் துண்டுகளை வாசித்துப் பழகியதால் தப்பினேன். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. காலி வீதியில் பஸ்ஸில் இருப்பவனைவிட நடந்து போகிறவன் முந்திவிடுகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி மட்டுமட்டாகத் தவறிவிட்டது, பாமசிப் பட்டப்படிப்பு கிடைக்கும் போலிருக்கிறது, "குளிசை எண்ணிக் கொடுக்கிறதுக்கு நாலு வருஷமா?" என்று அவளுடைய பெரியப்பா கேட்கிறார் என்று எழுதியிருக்கிறாய். கேட்டது பெரியப்பாவா நீயா என்று நான் விசாரிக்கவில்லை.

எண்ணிக் கொடுக்க நாலு நாள் போதும் மச்சான். மிச்சக் காலம் முழுக்க, அந்தக் குளிசை தொண்டைக்குக் கீழே போன பிறகு என்ன செய்கிறது என்று படிக்கத்தான், அதுதான் மருந்தியல். பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் அவளுக்கு அலுப்புத்தான் வரும். மருந்து படிக்க வந்தவளுக்கு உடற்றொழிலியல், உயிரிரசாயனம், நுண்ணுயிரியல், நோயியல் என்று அடுக்குவார்கள். சிறுநீரகம் உப்பை எப்படி வடிக்கிறது, ஈரலில் எந்த நொதியம் எதை உடைக்கிறது என்றே மாதங்கள் போகும். "இதெல்லாம் டொக்டர்மாருக்குத்தானே, எங்களுக்கு ஏன்?" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். பாஸ் பண்ணினால் போதும் என்று அந்தப் பாடங்களை ஒப்பேற்றிவிட்டு வருகிறவர்கள்தான் பிறகு மருந்தியலில் திணறுகிறார்கள். உடம்பு தெரியாமல் மருந்தியல் படித்தால் அது வெறும் பெயர்ப்பட்டியல். ஆயிரம் பெயரையும் எத்தனை நாளைக்கு மனப்பாடத்தில் வைத்திருக்க முடியும்?

உன்னிடமிருந்தே உதாரணம் எடுக்கிறேன். கடிதத்தின் கடைசியில், பிரஷருக்குக் குளிசை தொடங்கிய பிறகு ஒரு வறட்டு இருமல், பாணி குடித்தும் போகவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அந்தக் குளிசையின் பெயர் எனலப்ரில் என்றோ, '-ப்ரில்' என்று முடியும் வேறொன்றாகவோ இருக்கிறதா பார். இருந்தால் உன் இருமலுக்கும் நெஞ்சுச் சளிக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். இரத்தக் குழாயை இறுக்கும் ஒரு பொருளை உடம்பில் உருவாக்குகிற நொதியம் ஒன்று உண்டு. அதை மறித்துத்தான் இந்தக் குளிசை பிரஷரைக் குறைக்கிறது. ஆனால் அதே நொதியத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, பிரடிகைனின் என்ற பொருளை உடைத்துப்போடுவது. மறித்தால் அதுவும் உடையாமல் தேங்கும், சிலருக்கு இருமல் வரும். இந்தக் குளிசை வகை வந்த வழியும் பிரடிகைனின்தான். பிரேசிலில் ஜரராக்கா என்றொரு விரியன் பாம்பு. அதன் நஞ்சில் பிரடிகைனினின் வேலையைக் கூட்டும் ஒரு பொருள் இருப்பதை 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா என்பவர் எழுதினார். அந்த வழியில் போய்த்தான் கப்டோப்ரில் என்ற முதல் குளிசையைச் செய்தார்கள், 1981இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பாம்பு நஞ்சில் கண்ட சங்கதியே பக்கவிளைவாகவும் நிற்கிறது. இந்தப் பாதை ஒருமுறை விளங்கிவிட்டால் எந்தப் பரீட்சைக்கும் அதைப் பாடமாக்கத் தேவையில்லை. ஆனால் நீயாகக் குளிசையை நிறுத்திவிடாதே. டொக்டரிடம் இருமலைச் சொல்லு. லொசாட்டன் வகைக்கு மாற்றலாமா என்று அவர் பார்ப்பார், அதில் இந்தத் தொல்லை குறைவு.

போன மாதம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பாமசிக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பிள்ளை, மட்டக்களப்புப் பக்கம், அதிகம் வாய் திறக்காது. ஒரு ஐயா பல் வீக்கத்துக்கு எழுதிக் கொடுத்த துண்டோடு வந்தார். மெட்ரோனிடசோல். எடுத்துக் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. பிள்ளை துண்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, வேறு குளிசை ஏதும் போடுறீங்களோ?" என்று கேட்டது. "பிரஷருக்கு ஒண்டு, பிறகு இதயத்துக்கு" என்றார். "இதயத்துக்கு என்ன பேர்?" தெரியவில்லை. பையைத் துழாவி, பொலித்தீனில் சுற்றிய கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். வோபரின். இரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து. ஈரலில் வோபரினை உடைக்கிற நொதியத்தை மெட்ரோனிடசோல் மந்தமாக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் வோபரின் உடம்பில் தேங்கி, இரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். பிள்ளை என்னைப் பார்த்தது, நான் போனைக் காட்டினேன். பல் டொக்டர் தன்மையான மனுஷன், வேறொரு மருந்துக்கு மாற்றிச் சொன்னார். ஐயாவுக்கு நடந்தது எதுவும் விளங்கவில்லை, "சுணக்கிப்போட்டியள்" என்று முறைப்பட்டுக்கொண்டு போனார். பெரியப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டு.

வோபரின் ஒன்றை வைத்தே ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கலாம் என்பது என் கட்சி. பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனப் பயிரைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்ததிலிருந்து தொடங்குகிற கதை அது. அந்த வழியில் பிறந்த வோபரின் 1948இல் எலிப் பாஷாணமாகக் கடைக்கு வந்தது, 1954இல் மனிதருக்கு மருந்தாக அனுமதி பெற்றது. உறைவுக் காரணிகளைச் செய்ய ஈரலுக்கு விற்றமின் கே வேண்டும், அந்த வழியை வோபரின் அடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே செய்து இரத்தத்தில் ஓடுகிற காரணிகள் கழிந்துபோக நாட்கள் எடுக்கும். அதனால்தான் இன்று அளவைக் கூட்டினால் நாளைக்கே இரத்தப் பரிசோதனையில் முழுப் பலனும் தெரியாது. இது புரியாத நோயாளி பதறுவார். சாப்பாட்டுப் பிரச்சினை வேறு. "கீரை தொடாதே" என்று யாரோ சொல்லிவிட, முருங்கையிலையும் பொன்னாங்காணியும் தின்று வளர்ந்த சனம் அதை அடியோடு விட்டுவிடும், பிறகு ஒரு விரத நாளில் சட்டி நிறையச் சாப்பிடும். விடவேண்டாம், ஒவ்வொரு கிழமையும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள் என்பதுதான் சரியான புத்தி. அதை அவர்களுடைய சமையலோடு பொருத்திச் சொல்ல அந்த வீட்டுச் சாப்பாடு தெரிந்த ஆள் வேண்டும்.

பனடோல் கதை உனக்குத் தெரியும்தானே. இரண்டு போட்டும் போகாத தலையிடிக்கு நாலு போடுகிற ஊர் நாங்கள். அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, ஒரு கட்டத்துக்குமேல் கோடு படுத்துவிடும். கேடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு, அதுதான் உச்சம். மெலிந்தவர்களுக்கும் ஈரல் பழுதானவர்களுக்கும் அதுவே அதிகம். தடிமனுக்கு வாங்குகிற வேறு குளிசைகளிலும் பனடோலில் இருக்கிற அதே பரசிட்டமோல் ஒளிந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

அளவைக் கூட்டக் கூட்டப் பலன் ஏறி, பிறகு படுத்துவிடுகிற அந்தக் கோட்டை எங்கள் காலத்தில் கண்ணாலேயே பார்த்தோம். கினிப்பன்றியின் குடலில் ஒரு துண்டை வெட்டி, 37 பாகை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, குடலைச் சுருங்க வைக்கிற அசெற்றைல்கோலினைத் துளித் துளியாகக் கூட்டுவோம். குடல் சுருங்கச் சுருங்க, கோடு வரைகிற கருவியின் ஊசி மேலே போகும். இப்போது பல இடங்களில் அது கணினித் திரைக்கு மாறிவிட்டது. விலங்குகள் தப்பின, அது நல்லதே. ஆனாலும் திரையில் குடல் ஒருநாளும் பிழைவிடுவதில்லை. உண்மையான குடல் களைத்துப்போகும், சில நாள் சொன்னபடி கேட்காது. உயிருள்ளது அப்படித்தான் நடக்கும் என்பதை இந்தப் பிள்ளைகள் வாட்டுக்குப் போய்த்தான் முதன்முதலில் காண்கிறார்கள்.

உங்கள் வேலியோரத்து மஞ்சள் அலரி இன்னும் நிற்கிறதா? அதன் விதையில் இருப்பவை இதயத்தில் டிகொக்ஸின் என்ற இதய மருந்து செய்கிற வேலையையே செய்யும். டிகொக்ஸின் வகைக்கு வழிகாட்டியது வில்லியம் விதரிங் 1785இல் எழுதிய நரிக்கையுறைச் செடி. இரண்டும் ஒரே பூட்டுக்கான சாவிகள் என்பதால், டிகொக்ஸினுக்கென்று செய்த எதிர்மருந்து அலரி நஞ்சுக்கும் பிடிக்குமா என்று கொழும்பிலே சோதித்துப் பார்த்தார்கள். பிடித்தது. முடிவு 2000இல் லான்செட் இதழில் வந்தது. விலைதான் எங்கள் நாட்டுக்கு எட்டாதது. நான் இதை வகுப்பில் சொன்னால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். மகள் வந்தால் அவளும்.

இன்னொருவரையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும், சேனக பிபிலே. மருந்தியல் பேராசிரியர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர். கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரில் வாங்கு, தேவையானதை மட்டும் பட்டியலிட்டு நாட்டுக்கு மொத்தமாக வாங்கு என்று நின்றவர். 1977இல் கயானாவில் காலமானார். உலக சுகாதார ஸ்தாபனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே வருஷம்தான். நீ அந்தக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல மருந்துக் கடையில் குறைந்த விலைக்கு வாங்குகிற குளிசைக்குப் பின்னால் அந்த மனுஷன் நிற்கிறார். மருந்தியல் படித்த ஒருவர் நாட்டின் மருந்து அலுமாரியையே மாற்றலாம் என்று பெரியப்பாவிடம் சொல்லு.

குறைகளையும் மறைக்கவில்லை. மருந்தியலை அநேகமாக டொக்டர்மாருக்குப் படிப்பிக்கும் ஒழுங்கிலேயே படிப்பிக்கிறார்கள்: வருத்தம் இது, மருந்து இது. கவுண்டரில் நிற்பவருக்கு வருவதோ மருந்துத் துண்டு, வருத்தத்தை அவர்தான் ஊகிக்க வேண்டும். அந்தத் திசையில் யோசிக்கப் பழக்குவது போதாது. படித்து முடித்து வாட்டுக்குப் போனால் "நீங்கள் ஏன் இங்கே?" என்று பார்க்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். நானும் அந்தப் பார்வையை வாங்கியவன்தான், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. சம்பளமும் டொக்டர் சம்பளம் இல்லை.

படிப்பு யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது, பேராதனை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர என்றும் போடலாம். வீட்டுக்குப் பக்கத்தில் என்று யாழ்ப்பாணத்தை முதலாவதாகப் போடச் சொல்லி அவளை நெருக்காதே, அவளே யோசிக்கட்டும். தெற்குப் பக்கம் வந்தால் சிங்களம் கட்டாயம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்கிற ஆச்சி சிங்களத்தில்தான் கேட்பா. இப்போதே ஒரு வகுப்புக்கு அனுப்பு. மருத்துவம் கிடைக்கவில்லையே என்ற முகத்தோடு வந்தால் முதல் வருஷத்திலேயே நொந்துபோவாள். அப்படி வந்து, நல்ல மூளையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பத்தை அனுப்ப முன் என்னோடு ஒருதரம் நேரே கதைக்கச் சொல்லு, உன் காதுக்கு எட்டாமல். இரவு எட்டுக்குப் பிறகு எடுத்தால் வீட்டில் நிற்பேன். கொழும்புக்கு வருவதென்றால் மேல் அறை சும்மாதான் கிடக்கிறது, மாமி பார்த்துக்கொள்வா. அப்புறம், அந்தக் குளிசையின் பெயரை மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
குகன்